எறாவுக்கு எத்தனை நாள் தண்ணீர்?

கேட்டவர் திருவொற்றியூர்க்காரர். அவருடைய கேள்வியின் சுருக்கம் இது: "2019-ல் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு தெருவில் நின்ற ஊர் நம்முடையது. இப்போது எண்ணூர் கழிமுகத்தில் எறாவும் (இறால்) நண்டும் பிழைக்க வேண்டும் என்று பூண்டி ஏரியிலிருந்து கொசஸ்தலை ஆற்றில் தண்ணீர் விடச் சொல்கிறார்கள். குடிக்கிற தண்ணீரைக் கொண்டுபோய்க் கடலில் கொட்டுவது எந்த ஊர் நியாயம்?"

அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. அந்த வருஷம் கத்திவாக்கத்தில் விடிகாலை நாலு மணிக்குக் குடத்தை வைத்து இடம் பிடித்தவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் என் பதில், விடத்தான் வேண்டும் என்பதே. நீங்கள் பயப்படுகிற அளவுக்கு விட வேண்டியதில்லை. விடுகிற தண்ணீர் நேராகக் கடலுக்குப் போய்ச் சேர்வதும் இல்லை. எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதுதான் இங்கே பெரிய விஷயம். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

நான் ஆரணியாறு–கொசஸ்தலையாறு படுகையில் கிணறுகளின் நீர்மட்டம் எடுக்கிற வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவன். டேப்பின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்துக் கிணற்றுக்குள் இறக்குவோம். மேலே இழுத்தால் எந்தக் கோடு வரை சாக்பீஸ் நனைந்திருக்கிறதோ, அதுதான் கணக்கு. அப்புறம் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து உப்பு பார்ப்போம். மீட்டர் இல்லாத நாளில் பக்கத்து டீக்கடையே போதும். மீஞ்சூர் பக்கம் ஒரு கடையில் பாலை ஊற்றிய கையோடு டீ திரிந்துவிட்டது. கடைக்காரர் கிளாஸை என் முன்னால் வைத்து, "இதையும் எழுதிக்குங்க சார்" என்றார். அந்த அறிக்கையை நான் கொடுத்தபோது, மீட்டரைச் சரிபார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். திரிந்த டீயை எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று படிவத்தில் இல்லை.

முதலில் ஆற்றைப் பார்ப்போம். கொசஸ்தலை வற்றாத ஆறு அல்ல. காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பி வழிகிற தண்ணீரும், ஆந்திரப் பக்கத்திலிருந்து வருகிற நகரி ஆற்றின் தண்ணீரும், நந்தி ஆற்றின் தண்ணீரும் சேர்ந்துதான் இது. கேசாவரம் அணைக்கட்டில் பிரிகிற இன்னொரு கைதான் நம் கூவம். பூண்டியில் 1944-ல் கட்டி முடித்த சத்தியமூர்த்தி சாகர் இந்த ஆற்றை நிறுத்துகிறது. அதன் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அதற்குக் கீழே தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் ஒரு பங்கு சோழவரத்துக்குத் திரும்புகிறது, அங்கிருந்து புழல். கடைசியாக மீஞ்சூரை ஒட்டி வல்லூர் அணைக்கட்டு. அதைத் தாண்டினால் கடலின் ஏற்ற வற்றம்தான். ஆறு அங்கே உப்பங்கழியாகி, பக்கிங்காம் கால்வாயோடு கலந்து, எண்ணூர் முகத்துவாரத்தில் முடிகிறது.

அணை கட்டுவதற்கு முன்னும் இந்த ஆற்றில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம், மார்கழியில் கசிவு, அப்புறம் மணல். இதை மறந்துவிட்டுத்தான் பலரும் பேசுகிறார்கள். 2018-ல் மத்திய அரசு மேல் கங்கைக்கு ஓர் அறிவிக்கை போட்டது. இயல்பாக வருகிற நீரில் குளிர்கால மாதங்களில் 20 சதவீதம், இடைப்பட்ட மாதங்களில் 25, மழை மாதங்களில் 30 என்று ஆற்றில் ஓடியே ஆக வேண்டும். பனி உருகி ஓடுகிற ஆற்றுக்கு அது சரி. அதை அப்படியே கொசஸ்தலைக்குக் கொண்டுவந்தால், சித்திரை மாதத்தில் பூஜ்யத்தில் 20 சதவீதம் என்று கணக்குப் போட வேண்டியதுதான். இந்த ஆற்று மீன்களும் எறாவும் வருஷம் முழுக்க நல்ல தண்ணீர் வேண்டும் என்று கேட்பவை அல்ல. பத்து மாதம் உப்பையும் இரண்டு மாதம் வெள்ளத்தையும் பார்த்தே பழகிய சாதிகள். அந்த இரண்டு மாதத்தை எடுத்துவிட்டால்தான் அவற்றுக்குத் திக்குத் தெரியாமல் போகிறது.

எறாவையே எடுத்துக்கொள்ளுங்கள். தாய் எறா முட்டையிடுவது கடலில். பொரிந்த குஞ்சு, நகத்துணுக்கு அளவில் இருக்கும்போதே, ஏற்றத்தோடு முகத்துவாரம் வழியாக உள்ளே வருகிறது. கழியின் சேற்றில் இரண்டு மூன்று மாதம் தின்று வளர்கிறது. மழைத்தண்ணீர் வந்து உப்பு குறைகிறபோது அது கூட்டமாகக் கிளம்பி முகத்துவாரத்தை நோக்கி இறங்கும். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் ஆட்களுக்கு வருஷத்தின் நல்ல பாடு (வலையில் விழுகிற வரவு) கிடைப்பது அப்போதுதான். மேலேயிருந்து வருகிற வண்டலும் மக்கிய இலையும்தான் அடுத்த கூட்டத்துக்குச் சாப்பாடு. ஆக, ஒரே வெள்ளம் பெரிய எறாவைக் கிளப்பிவிடுகிறது, சின்ன எறாவுக்குப் பந்தியும் போடுகிறது.

அத்திப்பட்டு பக்கம் இருளர் பெண்கள் கையாலேயே எறா பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, பனையோலைப் பறியின் விளிம்பைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவுவார்கள். விரல் நுனியில் மீசை பட்டதும் உள்ளங்கை மூடிவிடும். எறா பறிக்குள் போகும்போது தலை கூடத் திரும்பாது. வாயில் பறி இருப்பதால் பேச்சே இருக்காது, சேறு களகளக்கிற சத்தம்தான். ஒரு தை மாதம் பூண்டியில் கொஞ்சம் தண்ணீர் திறக்கப்போவதாகப் பேச்சு அடிபட்டபோது, ஒரு அம்மா பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இன்னா சார், தண்ணி வுடப் போறாங்களாமே?"

"சொல்றாங்கம்மா."

"கார்த்திகையில வுட்டிருந்தா எறா கெளம்பியிருக்கும். தையில வுட்டு இன்னா பண்றது? கால் கழுவறதா?"

இருபது வருஷ வேலையில் நான் கேட்ட ஆய்வறிக்கைகள் எதிலும் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். சென்னைக்கு ஒரு நாள் குடிநீர் சுமார் 100 கோடி லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மில்லியன் கன அடியில் அது 35 சொச்சம். பூண்டியிலிருந்து விநாடிக்கு 500 கன அடி வீதம் மூன்று நாள் திறந்தால் போகிறது சுமார் 130 மில்லியன் கன அடி. ஊருக்கு நாலு நாள் தண்ணீர்கூட இல்லை. அணையின் கொள்ளளவில் 4 சதவீதம். வருஷத்தில் இரண்டு முறை இப்படிச் செய்தாலும் ஒரு வாரத் தண்ணீரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். 2019 மாதிரி ஏரி தரை தட்டிய வருஷத்தில் இதைக்கூடக் கேட்பது நியாயமில்லை, நானும் கேட்க மாட்டேன். அந்த மாதிரி வருஷத்தில் அணை இல்லாவிட்டாலும் ஆறு காய்ந்துதான் கிடந்திருக்கும். எறாவுக்கு அது புதிதல்ல.

ஒரு கணக்குப்பிள்ளை ஆட்சேபம் வரும்: காய்ந்த மணலில் 500 கன அடி விட்டால் வல்லூருக்கு எவ்வளவு வந்து சேரும்? உண்மைதான், பாதி வழியிலேயே மணல் குடித்துவிடும். அதனால்தான் தனியாக விடக் கூடாது என்கிறேன். பூண்டிக்குக் கீழேயும் மழை பெய்து, ஆற்றுப் படுகை ஈரமாகி, உள்ளூர் ஓடைகள் ஓடத் தொடங்குகிற அந்த நாலைந்து நாளில் சேர்த்து விட்டால் கொஞ்சம் தண்ணீர் நிறைய வேலை செய்யும். மணல் குடித்த தண்ணீரும் தொலைந்துபோனது அல்ல. அது எங்கே போகிறது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் இருக்கிறது.

அது மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணறுகளுக்குப் போகிறது. 1960-களில் ஐ.நா. உதவியோடு ஆய்வு செய்து, இங்கே பூமிக்கடியில் நல்ல தண்ணீர் மண்டிக் கிடக்கிறது என்று கண்டார்கள். மணலி ஆலைகளுக்கும் நகரத்துக்கும் அங்கிருந்து இறைத்தார்கள். பிறகு விவசாயிகளின் கிணறுகளையும் வாடகைக்குப் பிடித்து இறைத்தார்கள். 1969 வாக்கிலேயே கடலுப்பு கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் உள்ளே வந்திருந்தது. அப்புறம் அது 10 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இதன் சூத்திரம் எளிது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், அது கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை உப்புத் தண்ணீரை அழுத்தி வைத்திருக்கும். நல்ல தண்ணீர் லேசு, உப்புத் தண்ணீர் கனம் என்பதால் வருகிற கணக்கு இது. திருப்பிப் போட்டுப் பாருங்கள்: மேலே ஒரு மீட்டர் இறைத்துவிட்டால் அடியில் 40 மீட்டர் உப்பு ஏறி வரும். இறைப்பதை நிறுத்தினாலும் அவ்வளவு சீக்கிரம் இறங்காது.

வல்லூர் வரை வந்து, கழியில் போய் நிற்கிற நல்ல தண்ணீரும் உப்பைத் தடுக்கிற அந்த எல்லைக்காவலில் ஒரு பங்குதான். "வீணாகக் கடலில் கலக்கிறது" என்று செய்தியில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டீக்கடை ஞாபகம் வரும். ஒரு துளியும் கலக்காமல் பார்த்துக்கொண்டோம், கடல் கிளம்பி மீஞ்சூருக்கு வந்தது. எறாவுக்கு விடுகிற தண்ணீரும் கிணற்றுக்கு விடுகிற தண்ணீரும் இரண்டு தண்ணீர் அல்ல.

ஆனால் இங்கே ஒரு நிஜமான இழுபறி உண்டு, அதை மூடி மறைக்க மாட்டேன். நிலத்தடி நீருக்காக ஆரணியாறு, கொசஸ்தலையாறு இரண்டிலும் தடுப்பணைகள் கட்டியிருக்கிறார்கள். கிணறுகளுக்கு அவை நல்லவை, நானே அளந்து பார்த்திருக்கிறேன். கழிக்கு மட்டும் அவற்றால் ஒரு கெடுதல்: பருவத்தின் முதல் சின்னச் சின்ன ஓட்டங்களை எல்லாம் அவை பிடித்து வைத்துவிடும். கீழே வருவது அணை நிரம்பிய பிறகு வருகிற பெருவெள்ளம் மட்டும்தான். ஒன்றுமே இல்லை, இல்லாவிட்டால் ஊரே முழுகுகிறது என்ற நிலை. என் கட்சி, தடுப்பணை வேண்டும், ஆனால் அடியில் ஒரு மதகு வேண்டும், அதைப் பருவத்தின் தொடக்கத்தில் சில நாள் திறந்து வைக்க வேண்டும்.

விலாங்குக்கும் இதே கதைதான். எறாவுக்கு நேர் எதிர் அது. முட்டையிடக் கடலுக்குப் போகும், வளர்வதற்கு ஆற்றுக்கும் ஏரிக்கும் ஏறி வரும். குஞ்சு விலாங்கு ஈரமான சொரசொரப்பான கல்லில் ஒட்டிக்கொண்டே ஏறிவிடும், வழவழப்பான செங்குத்துச் சிமென்ட் சுவரில் முடியாது. அணைக்கட்டின் ஓரத்தில் கருங்கல் ஜல்லி பதித்த ஒரு சரிவும் அதில் கசிகிற கொஞ்சம் தண்ணீரும் இருந்தால் போதும். பெரிய திட்டம் எதுவும் வேண்டாம், ஒரு கொத்தனாருக்கு ஒரு வார வேலை.

அடுத்து வெள்ள பயம். 2021 நவம்பரில் பூண்டி உபரி நீரில் மணலி புதுநகரும் சடையங்குப்பமும் மூழ்கியதைப் பார்த்தவர்களிடம் "ஷட்டரைத் திறங்கள்" என்று சொன்னால் அடிக்க வருவார்கள். நான் சொல்கிற 500 கன அடி அந்த வெள்ளத்தின் கால் தூசிகூட வராது. பெருவெள்ளம் ஊருக்குள் வந்ததற்குத் தண்ணீரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அது பரவிப் படுக்க வேண்டிய உப்பளமும் சதுப்பும் மண்ணடிக்கப்பட்டு, கிடங்காகவும் சாலையாகவும் ஆகிவிட்டன. கழியின் அகலம்தான் வடசென்னையின் வடிகால். அகலத்தைக் குறைத்துவிட்டு ஆழமாகத் தோண்டுகிறோம் என்பது வேட்டியை விற்று பெல்ட் வாங்குகிற வேலை.

இன்னும் கசப்பான விஷயம், தண்ணீர் விட்டால் மட்டும் கழி பிழைத்துவிடாது. அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து, ஆள் முங்குகிற ஆழம் இருந்த இடத்தில் இப்போது முழங்கால் நனைந்தால் பெரிது. குளிரூட்டிவிட்டு வருகிற வெந்நீர் வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழி முழுக்கப் படர்ந்ததும், கூழைக்கடாக்கள் சிறகெல்லாம் கறுத்து நின்றதும் எல்லோரும் பார்த்ததுதான். அப்புறம் அந்தக் காக்கா ஆழி. அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த மட்டி இனம், கப்பல்களோடு வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். கழியின் அடித்தரையில் பாய் விரித்த மாதிரி மூடிவிட்டது. எறா புதைய சேறு இல்லை, கையால் துழாவினால் விரல் கிழிகிறது. நம் பச்சை ஆழிக்கும் மற்ற மட்டிகளுக்கும் இடமில்லை. நல்ல தண்ணீர் விட்டால் இது செத்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அப்படி நம்ப வேண்டாம், உப்பு ஏறினாலும் இறங்கினாலும் தாங்குகிற சாதி அது. ஆட்களை வைத்துச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அந்தக் கூலி குப்பத்து ஆட்களுக்கே போகட்டும்.

இதே பேச்சில் அலையாத்திக் கன்று நடுகிற விழாக்களையும் சொல்லிவிடுகிறேன். வற்றத்தில் வெறுமையாகத் தெரிகிற சேற்றுத் திடலை "காலி இடம்" என்று நினைத்து நட்டுவிட்டுப் போகிறார்கள். அது காலி இடமல்ல, உள்ளான் குருவிகளின் சாப்பாட்டுத் தட்டு. அடைபட்ட ஓடையைத் தோண்டி ஏற்ற வற்றம் போய்வர விட்டால் அலையாத்தி தானே விதை ஊன்றும். போட்டோவில் அது அவ்வளவு எடுப்பாக இராது, அதுதான் சிக்கல்.

அப்படியானால் அந்த ஒரு வாரத் தண்ணீரை எங்கிருந்து ஈடு கட்டுவது? இதற்கு நம் பக்கமே நல்ல உதாரணம் இருக்கிறது. மணலி ஆலைகள் சில 1990-களிலேயே கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. 2019 முதல் கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து வடசென்னை ஆலைகளுக்கு அனுப்புகிற நிலையம் இருக்கிறது. முழு அளவில் ஓடினால் இரண்டே மாதத்தில் 270 கோடி லிட்டர், அதாவது 95 மில்லியன் கன அடிக்கு மேல். நான் கேட்கிற இரண்டு திறப்புகளும் சேர்ந்து 260. ஆறு மாதத்துக்குள் கணக்கு நேராகிவிடும், யாருடைய குடத்திலிருந்தும் எடுக்காமல். காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும் நாளுக்கு 10 கோடி லிட்டர் தருகிறது. ஆனால் அதன் மிச்ச உப்புக்கரைசல் திரும்பக் கடலுக்கே போகிறது, மின்சாரமும் தின்கிறது. இன்னொன்று கட்டுவதைவிடக் கொடுங்கையூரைப் பெரிதாக்குவது எனக்கு உசிதமாகப் படுகிறது.

கடைசியாக, இதை எப்படிச் செய்வது என்று சொல்லிவிடுகிறேன். ஷட்டர் திறப்பது இன்று அணையின் மட்டத்தையும் வருகிற வெள்ளத்தையும் பார்த்து முடிவாகிறது. அதில் தப்பில்லை, அணை உடையக் கூடாது. அந்த நடைமுறையில் இன்னும் இரண்டு மூன்று வரி சேர்த்தால் போதும்: அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதிக்குள், பூண்டியில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்து, கீழ்ப்பகுதியிலும் மழை பெய்திருந்தால், மூன்று நாள், 500 கன அடி. திறப்பதற்கு முந்தைய நாள் குப்பங்களுக்கும் சடையங்குப்பத்துக்கும் தண்டோரா. திறந்த பிறகு பத்து நாள் வல்லூருக்குக் கீழே மூன்று இடங்களில் உப்பு அளவு. அளக்க ஆள் இல்லை என்பார்கள். ஓய்வு பெற்றுவிட்டேனே தவிர, டேப்பும் சாக்பீஸும் இன்னும் வீட்டுப் பரணில்தான் இருக்கின்றன.